மருமகளின் சர்க்கரை

சாயோரிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று கடல் தாண்டி நாசே ஊர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அவளைவிட அதிகமாக வெட்கப்பட்டது மாமியார் தோமியேதான். கிகாய் தீவில் தோமியேவின் மாமனார் காலத்துக்கும் முன்பிருந்து கொப்பரை வைத்து வெல்லம் காய்ச்சுகிற வீடு அவர்களுடையது. அந்த வீட்டு மருமகள் ஆறு மாத வயிற்றோடு கப்பலேறி வந்து, இனிப்புத் தண்ணீரைக் குடித்து, திரும்பத் திரும்பக் கையை நீட்டி ரத்தம் கொடுத்து, கடைசியில் இந்தப் பெயரை வாங்கிக்கொண்டு போகிறாள்.

ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, காயும் மீனும் கூட்டி, மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். கைக்கு அடக்கமான ஒரு மெஷினைக் கொடுத்து, விரல் நுனியில் குத்தி அதில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து வர வேண்டும்.

திரும்பும்போது வாடைக்காற்றில் கப்பல் ஆடியது. சாயோரி பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வீட்டுக்குள்ள சொல்லிக்கலாம். வெளியில வேண்டாம். கரும்பு வெட்டு முடியட்டும்" என்றாள் தோமியே.

"யாராவது கேட்டா என்ன சொல்றது அத்தை?"

"பல்வலின்னு சொல்லு. பல்வலிக்காரி இனிப்பு தின்ன மாட்டா. அதுக்கு மேல யாரும் நோண்ட மாட்டாங்க."

சாயோரி தலையாட்டினாள். தோமியேவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க ரெண்டு பக்கமும் இந்தச் சீக்கு கிடையாது. நானும் மூணு பெத்தேன். துடுப்புல ஒட்டுன பாகை வழிச்சு வழிச்சுத் தின்னுக்கிட்டேதான் பெத்தேன். ஒண்ணும் வரல."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் சாயோரியின் காது மடல் சிவந்து போனதைப் பார்த்தாள். பார்த்தும் பேச்சை மாற்றவில்லை.

தை பிறந்ததிலிருந்து தீவு முழுக்கக் கரும்பு வெட்டு. தோமியேவின் புருஷன் இவாவோவும் மகன் கென்சாகுவும் விடிந்ததும் வயலுக்குப் போய், மதியத்துக்குள் ஆலைக்கு வேண்டிய கரும்பை வெட்டிச் சோகை உரித்துவிடுவார்கள். கரும்பை ஏற்றி வருவது ஃபுசாயோவின் லாரி. புருஷன் இடுப்பொடிந்து படுத்த பிறகு அவளே ஓட்டுகிறாள். வாயும் லாரி மாதிரிதான், பிரேக் கிடையாது. சாறு பிழிந்து கொப்பரையில் விட்டு, சுண்ணாம்பு போட்டு, பொங்கி வரும் அழுக்கை வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாகு இறுகும் நேரத்தில் இவாவோ யாரோடும் பேசமாட்டார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார். பதம் வந்ததும் தட்டுகளில் வார்த்து ஆறவைப்பது தோமியேவின் வேலை, ஆறியதை உடைத்துப் பையில் போடுவது சாயோரியின் வேலை. கொட்டகை முழுக்க இனிப்பு ஆவி. தலைமுடியிலும் ஈரத்துணியிலும் அதுவே படியும்.

மூன்று மணிக்குத் தேநீர். வெட்டுக்கு வந்தவர்கள், லாரிக்காரி, வழியில் போகிறவர்கள் எல்லாரும் கொட்டகை வாசலில் கரும்புக் கட்டுகள் மேல் உட்காருவார்கள். தேநீருக்குச் சர்க்கரை போடுவதில்லை. தட்டில் வெல்லத்துண்டு வரும். ஒரு கடி, ஒரு மடக்கு. வருஷம் பூராவும் தோமியே அப்படித்தான் குடித்தாள்.

"என்ன சாயோரி, ஆலைக்கார வீட்டு மருமக வெல்லத்தத் தள்ளி வைக்குற? இந்த வருசம் பாகுல பல்லி கில்லி விழுந்துருச்சா?" என்றாள் ஃபுசாயோ.

எல்லாரும் சிரித்தார்கள். சாயோரி மாமியாரைப் பார்த்தாள்.

"அவளுக்குப் பல்வலி" என்றாள் தோமியே.

"எந்தப் பல்லு?"

"கடவாப்பல்லு."

"அடப்பாவமே. வயித்துல புள்ளய வச்சுக்கிட்டுப் பல்ல வேற புடுங்க முடியாதே."

மறுநாள் ஃபுசாயோ தன் வீட்டிலிருந்து பல்லுக்கு மருந்து கொண்டுவந்து கொடுத்தாள். சாயோரி அதை வாங்கி, எல்லார் முன்னாலும் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, குனிந்து நன்றி சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அந்தப் பிடிவாதமான நேர்மையைப் பார்த்துத்தான் தோமியே அவளைப் பெண் கேட்டாள். இப்போது அதே முகம் பொய்யில் கோணிக்கொள்வதைப் பார்க்க அவளுக்கே சங்கடமாக இருந்தது. கரும்பு முடியட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் நாள்பட நாள்பட மெஷினே பேச்சானது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கென்சாகு அதை எடுத்து, அன்றைய நம்பர்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். பெண்டாட்டி மேல் அக்கறைதான். நல்ல நம்பராக இருந்தால் இவாவோவிடம் காட்டுவான்.

"கரும்புக்கு ஏறினா சந்தோசம், மருமகளுக்கு எறங்கினா சந்தோசம். எனக்கு இந்த வருசம் கணக்கே குழம்புது" என்பார் இவாவோ.

சாயோரியும் சிரிப்பாள். பன்றியெலும்புக் குழம்பில் முள்ளங்கியை மட்டும் எடுத்துக்கொண்டு, சின்னக் கிண்ணத்துச் சோற்றை மெதுவாக மென்று தின்பாள். சொன்னதைச் சொன்னபடி செய்தாள். அதில் தோமியேவுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு நாள் காற்று ஓய்ந்து நல்ல வெயில். ஆண்கள் வயலில். சாயோரி கொட்டகையில் வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தாள். தோமியே பாத்திரம் கழுவி முடித்து, குழாயடியிலேயே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குத் தாகம். கொப்பரைச் சூடு என்று நினைத்திருந்தாள். கால் விரல்கள் மரத்துப்போவதற்கு ரப்பர் பூட்ஸைக் குற்றம் சொன்னாள்.

அலமாரி மேல் மெஷின் இருந்தது. சீக்கு ஒன்றுமில்லாதவளுக்கு இது என்ன காட்டும் என்று பார்க்கத் தோன்றியது. ராத்திரி எல்லாரும் இருக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லலாம், 'பாருங்க, இந்த வயசுல எனக்கே இவ்வளவுதான்' என்று. அப்படிச் சொல்வதில் அவளுக்கு ஒரு அற்ப ஆசை இருந்தது.

குத்தினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது.

விரலில் வெல்லம் ஒட்டியிருக்கும் என்று சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினாள். அப்போதும் முந்நூறைத் தாண்டித்தான் காட்டியது. பிறகு மெஷினைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கொட்டகைக்குப் போய்த் தட்டுகளை அடுக்கினாள். மூன்று மணித் தேநீருக்கு வழக்கம்போல ஒரு துண்டு வெல்லமும் தின்றாள். தின்னாமல் இருந்தால் யாராவது கேட்பார்கள்.

அந்த மெஷின் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பது அவளுக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் உறைத்தது.

"என்ன இது?" என்றான் கென்சாகு. "முந்நூத்திப் பன்னெண்டு. அதுக்கு மேல இன்னொண்ணு. மத்தியானம் ரெண்டு மணிக்கு."

சாயோரி எட்டிப் பார்த்தாள். "நான் ரெண்டு மணிக்குப் பாக்கவே இல்லயே."

"நீ பாக்கலன்னா மெஷின் தானாப் பாத்துக்குச்சா?"

"எனக்குத் தெரியல. நான் கொட்டகையில இருந்தேன்."

"கொட்டகையிலதான இருந்த. வெல்லத்துக்கு நடுவுல." அவன் குரல் உயரவில்லை. "தின்னுட்டுப் பயந்துபோய்ப் பாத்திருக்க. அதையாவது ஒத்துக்கோ. நாங்க அத்தன பேரும் உன் நம்பரப் பாத்துட்டுதான் சோத்துல கை வைக்குறோம்."

இவாவோ குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

தோமியே அகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஒரு சிரிப்பு, ஒரு அதிர்ச்சி, அவ்வளவுதான். ஆனால் கப்பலில் தான் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"விடுடா. மாசமா இருக்குறவ. ஏதோ ஆசப்பட்டு ஒரு துண்டு வாயில போட்டிருப்பா. இனிமே செய்ய மாட்டா."

சாயோரி நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு கையைத் தரையில் ஊன்றி, வயிறு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நம்பரெல்லாம் நன்றாகவே இருந்தது. அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. கென்சாகு பழையபடி அதை அப்பாவிடம் காட்டவில்லை, பார்த்துவிட்டு வைத்துவிடுவான். பெண்டாட்டியிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். சாயோரியின் கிண்ணம் மட்டும் காலியாகவே அடுப்படிக்குத் திரும்பி வந்தது.

தோமியே ஒரு நாள் பின்பக்கம் சோகை எடுக்கப் போனபோது, சாயோரி ஆட்டுக் கொட்டிலில் குனிந்து, துணியில் முடிந்துவந்த சோற்றை ஆட்டுக்குப் போடுவதைப் பார்த்தாள். சோறும் மீனும் அவித்த வள்ளிக்கிழங்கும். ஆடு மூக்கால் இடித்து இடித்துத் தின்றது. சாயோரி எழுந்திருக்கும்போது கொட்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள்.

தோமியே ஓசைப்படாமல் திரும்பி வந்துவிட்டாள். கேட்டால், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க வேண்டும். அதற்கு அவள் ஏதாவது பதில் சொல்வாள். அந்தப் பதிலுக்குத் தோமியே பயந்தாள். அன்று ராத்திரி சோறு கொஞ்சம் கூடுதலாகப் போட்டாள். அதுவும் ஆட்டுக்குத்தான் போகும் என்று தெரிந்தே போட்டாள்.

இன்னொரு நாள் வார்த்த தட்டைத் தூக்கும்போது சாயோரியின் கை நடுங்கி, தட்டு சாய்ந்து, சூடான பாகு அவள் பூட்ஸ் மேல் வழிந்தது. இவாவோ ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார்.

"இவளுக்கு என்ன ஆச்சு? மூஞ்சி சாம்பல் மாதிரி இருக்கு" என்றார்.

"பல்வலி" என்றாள் ஃபுசாயோ, லாரியிலிருந்து இறங்கிக்கொண்டே. "பல்வலி வந்தா மனுசன் பாதி ஆயிருவான்."

தோமியே கீழே சிந்தியதைச் சுரண்டி எடுத்தாள். நிமிரவே இல்லை.

நாசேக்குப் போக வேண்டிய நாளில் கடல் பொங்கி, இரண்டு நாள் கப்பல் இல்லை. மூன்றாம் நாள் போனார்கள். கென்சாகு கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. கரும்பு இருக்கிறது என்றான்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். சிறுநீர் சோதனைத் தாளைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாயோரிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"வீட்ல நல்லாச் சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன்."

"மூணு வாரத்துல நீங்க எடை இழந்திருக்கீங்க. குழந்தை வளர வேண்டிய அளவு வளரல. பட்டினி கிடந்தா உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும். அது சிறுநீர்ல தெரியும். உங்களுக்கு நிறையவே தெரியுது."

டாக்டரம்மா மெஷினை எடுத்து, நம்பர்களைப் பின்னோக்கித் தள்ளினாள். ஒரு இடத்தில் நின்றாள்.

"இந்த ரெண்டு மட்டும் எதோடயும் ஒட்டல. முந்நூறுக்கு மேல. அன்னைக்கு என்ன ஆச்சு?"

சாயோரி மடியிலிருந்த பையின் வாரைச் சுருட்டினாள்.

"தெரிஞ்சே ஆகணும்," என்றாள் டாக்டரம்மா. "இது உங்களோடதுன்னா நான் இன்னைக்கே இன்சுலின் ஆரம்பிக்கணும், அளவும் கூட வரும். உங்களோடது இல்லாம நான் அந்த அளவப் போட்டா சர்க்கரை அடியோட இறங்கிரும். அது உங்களுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து."

சாயோரி முழங்காலைப் பார்த்துக்கொண்டே, "நான்தான்" என்றாள். "வெல்லம் தின்னேன். மன்னிச்சிடுங்க."

தோமியேவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தாகத்தோடுதான் பேசினாள்.

"அவ தின்னல. அவ ரெண்டு வாரமா எதையுமே தின்னல. ஆட்டுக்குப் போட்டா. நான் பாத்தேன்." மூச்சு வாங்கினாள். "அந்த நம்பர் என்னோடது. நான் திருட்டுத்தனமாப் பாத்தேன். அவ மேல பழி விழுந்தப்ப வாய மூடிக்கிட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பஞ்சில் மருந்து நனைத்து, "கையக் கொடுங்கம்மா" என்றாள். தோமியே கொடுத்தாள். வெல்லத்தட்டுகளில் காய்த்துப்போன அந்த விரலில் இரண்டு தரம் குத்த வேண்டியிருந்தது.

"எத்தனை நாளாத் தாகம்?"

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து."

"கால் மரத்துப்போகுதா?"

தோமியே தலையாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாயோரியைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

சாயோரியைச் சில நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஒழுங்காகச் சாப்பிட வைத்துப் பார்த்தால் ஊசியே தேவைப்படாமல் போகலாம் என்றாள் டாக்டரம்மா. தோமியேவுக்குத் தனியாக மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த வாரமே வரச் சொன்னாள்.

மதியம் கட்டிலுக்குத் தட்டு வந்தது. ஒரு கிண்ணம் சோறு, சுட்ட மீன், கீரை, டோஃபு போட்ட சூப். தோமியே அந்தச் சோற்றையே பார்த்தாள். சர்க்கரைக்காரிக்கு ஆஸ்பத்திரி கொடுக்கிற சோறு இவ்வளவா. இதில் பாதிகூட அவள் வயிற்றுக்குள் போகாமல் எத்தனை நாள் கொப்பரையடியில் நின்றிருக்கிறாள்.

சாயோரி சாப்பிட ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிறுத்தாமல்.

"ஏன் நீ உன் மேலயே போட்டுக்கிட்ட?" என்றாள் தோமியே. "இங்க வந்தும், அந்தம்மா அத்தன தரம் சொல்லியும்."

சாயோரி மீன்முள்ளைத் தட்டோரத்தில் ஒதுக்கினாள். "அன்னைக்கே எனக்குத் தெரியும் அத்தை. விரல் குத்துற ஊசி டப்பாவுல ரெண்டு குறைஞ்சிருந்துச்சு. வீட்ல இருந்தது நீங்க மட்டும்தான்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்."

வெளியே நடையில் சாப்பாட்டு வண்டி உருண்டு போனது. அது போய் முடியும்வரை சாயோரி காத்திருந்தாள்.

"அன்னைக்கு இல்லன்னா மறுநாள் சொல்வீங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு வேளையும் தட்டு முன்னாடி உக்காரும்போது, இப்பச் சொல்லிருவாங்க, சொன்னப்புறம் சாப்பிட்டுக்கலாம்னு இருக்கும். பசிக்கும் அத்தை. ஆனா எறங்காது. நம்பர் நல்லா இருந்தா அவர் மொகம் கொஞ்சம் தெளியும். அதுக்காகவும் தின்னல." சூப் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். "கொட்டில்ல நீங்க நின்னதும் தெரியும். உங்க பூட்ஸ் சத்தம் எனக்குத் தெரியாதா."

தோமியே குனிந்து தலை வணங்கினாள். இதே மாதிரி இந்தப் பெண் தன் முன்னால் குனிந்த ராத்திரியில் தான் அகப்பையோடு நின்றது கண்முன்னே வந்தது. நிமிர்ந்தபோது சாயோரி சாப்பாட்டை முடித்து, கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கப்பலுக்கு நேரமாச்சு" என்றாள். "அவர்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரலில், கரும்பெல்லாம் முடிந்த பிறகு, சின்னதாக ஆனால் குரலில் குறைவில்லாமல் ஒரு பெண் பிறந்தது. ஆனால் அன்று கப்பலில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரியாது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. யாரோ தெரிந்தவர் மிட்டாய் நீட்டினார். தோமியே வேண்டாமென்று கையசைத்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

துறைமுகத்தில் கென்சாகு சின்ன வண்டியோடு நின்றான்.

"அவ எங்க?"

காற்று பேச்சை அடித்துக்கொண்டு போயிற்று. தோமியே சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. ஆட்டுக் கொட்டிலையும் சொன்னாள். மூட்டை இறக்குகிறவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கென்சாகுவின் முகம் முதலில் அம்மா மேல்தான் கடுத்தது. பிறகு அது எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அலைந்தது.

"ரெண்டு வாரமா அவகிட்டச் சரியாப் பேசலம்மா" என்றான். "ராத்திரி முதுகத் திருப்பிக்கிட்டுப் படுத்தேன்."

"தப்பு என்னோடது."

"உன்னோடதுதான். ஆனா படுத்தது நான்."

சாயோரியிடம் போக, சாயங்கால விமானத்தில் இடம் கிடைக்குமா பார்க்கிறேன் என்று வண்டியைத் திருப்பினான். ஏறு என்று அவளிடம் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தோமியே நடந்தாள். இருபக்கமும் வெட்டிய வயல், வெட்டாத வயல். வெட்டாத கரும்பு காற்றில் தலைசாய்த்து இரைந்தது. பாதி வழியில் பின்னாலிருந்து லாரி வந்து நின்றது. ஃபுசாயோ கண்ணாடியை இறக்கினாள்.

"என்னக்கா தனியா? மருமக எங்க? பல்லப் புடுங்கிட்டாங்களா?"

"பல்வலி இல்ல, ஃபுசாயோ" என்றாள் தோமியே. "அவளுக்குப் புள்ளத்தாச்சி சர்க்கரை. வெளியில சொல்ல வெக்கப்பட்டு நான்தான் பல்வலின்னு சொல்லச் சொன்னேன். எனக்கும் சர்க்கரை. அவளுக்கு இருக்கறதவிட மூணு பங்கு. அதையும் மறைச்சு, அவ மேல பழி போட்டு, அவளப் பட்டினி போட்டுட்டேன்."

ஃபுசாயோவுக்கு முதல்முறையாகப் பேச்சு வரவில்லை. தான் கொண்டுவந்து கொடுத்த பல்மருந்து அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆகி, ரோட்டைப் பார்த்தாள். பிறகு குனிந்து மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுக்கா. காத்து அடிக்குது."

"நீ போ."

"இம்புட்டுத் தூரம் நடந்தா போவ?"

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தாள் தோமியே. சொல்லியிருந்தால் ஃபுசாயோ நம்பியிருப்பாள். டாக்டரம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை.

"உன் பக்கத்துல உக்காந்து வர வெக்கமா இருக்கு" என்றாள்.

ஃபுசாயோ கதவைச் சாத்தினாள். லாரி போனது. மேலேயிருந்து இரண்டு கரும்பு சரிந்து ரோட்டில் விழுந்தன. தோமியே அவற்றை எடுத்து வயலோரம் போட்டுவிட்டு நடந்தாள்.